எண் 84 பிடித்த ஒரே பந்து

அனுப்புநர்:
எம்மெட் ஸ்வோபோடா,
ஆட்ட எண் 84, வைட் ரிசீவர்,
ஹால்பர்ட் மாநிலக் கல்லூரி,
ஹால்பர்ட், அயோவா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆட்டத் தகுதி மறுஆய்வுக் குழு,
சமவெளிக் கல்லூரிகள் விளையாட்டுக் கழகம்,
ஓமஹா, நெப்ராஸ்கா.

பொருள்: அமெரிக்கக் கால்பந்து – காயத்தால் இழந்த 2023ஆம் ஆண்டுப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல், 2025இல் மேலும் ஒரு பருவம் ஆட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் கல்லூரித் தகுதி அலுவலரின் நிராகரிப்புக் குறிப்பு, நாள் 3.3.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவன். என்னை எந்தக் கல்லூரியும் தேடி வந்து அழைக்கவில்லை. அணிக்கு ஆள் எடுக்கும் நாளன்று நானே வந்து வரிசையில் நின்று, ஓடிக் காட்டி, உதவித்தொகை ஏதுமின்றி அணியில் இடம் பெற்றேன். தங்கள் குழுவில் நீச்சல், மல்யுத்தப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் இருப்பதாக அறிகிறேன். ஆகவே என் வேலை இன்னதென்று சுருக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். வைட் ரிசீவர் என்பவர் மற்றவர்களிடமிருந்து விலகி, களத்தின் ஓரத்தில் நிற்பவர். ஒவ்வொரு முறை பந்து நகர்ந்ததும் முழு வேகத்தில் ஓடுவார். தன்னை நோக்கி எறியப்படும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. எறியப்படாதபோது, எறியப்படப் போகிறது என்று எதிரணி நம்பும்படி ஓடுவதும் அவர் வேலையே. நான் செய்தது பெரும்பாலும் இரண்டாவது.

2. நான்கு பருவங்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு முறை நான் அவ்வாறு ஓடியிருக்கிறேன். எண்ணிக்கை என்னுடையது; கல்லூரி இதை எண்ணுவதில்லை. என்னை நோக்கிப் பந்து எறியப்பட்டது மூன்று முறை. முதலாவது என் தலைக்கு மேலே பறந்து வாத்தியக் குழுவினர் நடுவே விழுந்தது. இரண்டாவதை எதிரணி வீரர் தட்டிவிட்டார். மூன்றாவதைப் பற்றியதே இம்மனு. என்னைத் தடுக்க வேண்டிய எதிரணி வீரர் தடுக்கி விழுந்து, சுற்றிலும் இருபது கெஜத்துக்கு ஒருவரும் இல்லாமல் நான் தனியே நின்று கையை உயர்த்திய சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போதெல்லாம் பந்து மறுபக்கம் போய்விட்டிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுபக்கத்தில் எண் 81, கார்வெல் இருந்தார். அவர் நல்ல ஆட்டக்காரர்.

3. மூன்றாம் ஆண்டின் நான்காவது ஆட்டத்தில், 23.9.2023 அன்று, கார்வெல் ஓடுவதற்கு வழி ஏற்படுத்த எதிரணி வீரர் ஒருவரைத் தோளால் மறித்தேன். கார்வெல் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றார். என் இடது காறை எலும்பு முறிந்தது. நான் தரையில் கிடந்தபோது அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. அது புள்ளிக்கான ஆரவாரம் என்பதைச் சிறிது நேரம் கழித்தே உணர்ந்தேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.

4. ஒருவர் நான்கு பருவங்கள் மட்டுமே ஆடலாம் என்றாலும், காயமடைந்த ஆண்டில் நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவருக்கு அந்தப் பருவம் திருப்பித் தரப்படும் என்பது கழகத்தின் விதி 14. அத்துடன் நான் நின்றிருந்தால் இம்மனுவுக்கே அவசியம் இருந்திருக்காது.

5. 18.11.2023, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் சொந்தக் களத்தில் காலை முதல் பனி பெய்து, உருகி, களம் முழுவதும் சேறாகியிருந்தது. நாங்கள் இருபத்தைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். ரிசீவர்கள் இருவர் அடுத்தடுத்து நொண்டிக்கொண்டு வெளியேறினர். பயிற்சியாளர் திரு. ரஸ்ஸல் டீட்ஸ் இருக்கை வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கடைசியில் நான் இருந்தேன். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் அந்த வாரம்தான் கூறியிருந்தார். "தோள் எப்படி இருக்கு? ஒரே ஒரு தடவை ஓரமா போய் நில்லு. பந்து உன் பக்கம் வராது, பயப்படாதே" என்றார். எழுந்து ஓடினேன். ஐந்தாவது ஆட்டம் என்பது அவர் நினைவிலும் இல்லை, என் நினைவிலும் இல்லை.

6. பந்தை எறிபவர் என் அறைத் தோழர் கேலன் ஃபிரிச். திட்டப்படி பந்து இடப்பக்கம் போக வேண்டும். ஆனால் எதிரணியினர் இருவர் அவரைத் துரத்தியதால் அவர் வலப்பக்கம் திரும்ப நேர்ந்தது. நான் ஓடியபடியே தலையைத் திருப்பியபோது பந்து காற்றில் இருந்தது. அது என்னை நோக்கித்தான் வருகிறது என்று நம்ப எனக்கு நேரம் பிடித்தது. நனைந்து கனத்த பந்து. நெஞ்சில் மோதியது. விரல்கள் மரத்திருந்ததால் இரு முழங்கைகளாலும் அணைத்துக்கொண்டு விழுந்தேன். அணி பதினோரு கெஜம் முன்னேறியது. எதிரணி இருக்கைகளின் காலடியில் விழுந்து கிடந்தேன். என்னைத் தூக்கிவிட்ட எதிரணி வீரர், "நல்ல பிடிடா" என்றார். அன்று எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றே. அடுத்த எறிதலுக்கே என் இடத்தில் வேறொருவர் இறங்கினார். உள்ளூர்ச் செய்தித்தாளில் என் பெயர் 'ஸ்லோபோடா' என்று வந்தது.

7. என் தாயார் லோரெட்டா ஸ்வோபோடா, நெப்ராஸ்காவின் பிளம் க்ராசிங் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஹால்பர்ட்டுக்கு ஐந்து மணி நேரப் பயணம். நான் சீருடை அணிந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும், சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி வந்து, நாற்பது கெஜக் கோட்டுக்கு நேரே, விளக்குக் கம்பத்தின் அருகே அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதனால் ஆட்டத்தில் யார் வென்றது என்று பல முறை என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அந்த ஒரு நாள் மட்டும் அவர் வரவில்லை. சாலையெல்லாம் பனி, நானும் ஆடப்போவதில்லை, வரவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவர் வீட்டுச் சமையலறையில் வானொலியை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவர் பின்னர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ரேடியோக்காரன் 'எண்பத்திநாலு... யாரு இது... சரி, பதினோரு கெஜம்'னான். யாரு இதுன்னு கேட்டான்ல, நான் பதில் சொன்னேன்ப்பா. வீட்டுல யாருமில்ல. சத்தமா உன் பேரச் சொன்னேன்."

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அந்தப் பந்தைப் பற்றிக் கேட்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கண்ணில் பட்டபோது எவ்வளவு உயரத்தில் இருந்தது, விழுந்தபோது தோள் வலித்ததா என்று கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன்.

8. நான்காம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஓடினேன். பந்து வரவில்லை. இவ்வாண்டு கார்வெல் உட்பட மூன்று ரிசீவர்கள் படிப்பை முடித்துவிட்டனர். சனவரியில் திரு. டீட்ஸ் என்னை அழைத்து, "உனக்கு இன்னொரு வருஷம் கிடைச்சா முதல் வரிசைல நிறுத்துறேன். பந்து வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எறியப்போறது புதுப் பையன், அவன் எங்க பாப்பான்னு எனக்கே தெரியாது. ஆனா நீ நிக்கலாம்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே 2023ஆம் பருவத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்தேன்.

9. எங்கள் தகுதி அலுவலர் திருமதி ஹெல்சல் அவர்கள் விண்ணப்பத்தை நிராகரித்தார். "ஐந்தாம் ஆட்டம்: ஒரு பிடிப்பு, 11 கெஜம். தகுதியில்லை" என்பது அவர் குறிப்பு. நேரில் சென்றபோது கனிவுடனே பேசினார். "உன் பேருல இருக்கறதே ஒரு பிடிதான் எம்மெட். அன்னிக்கு நீ இறங்கினதுக்கு வேற பதிவே இல்ல. அது இல்லேன்னா உனக்கு இந்த வருஷம் கிடைச்சிருக்கும். பதிவுல தப்பு இருந்தா, பந்தை எறிஞ்சவரு எழுதிக் குடுத்தா திருத்தலாம். தப்பு இருக்கா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன்.

10. இந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆயினும் குழு முழு உண்மையையும் அறிவது முறை என்று கருதுகிறேன். அறைக்கு வந்து கேலனிடம் சொன்னதும் அவர் சிரித்தார். "இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்ட? அன்னிக்கு உன் சட்டை முழுக்க சேறு. வீடியோல எட்டுதான் தெரியுது, அடுத்தது நாலா ஒண்ணான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கார்வெல்னு எழுதிக் குடுத்துடறேன். அவன் பேருல நூத்திநாப்பது பிடி இருக்கு, இன்னொண்ணு சேந்தா கசக்கவா போகுது?" என்றார். என்மீது கொண்ட அன்பால் சொன்னார். அவர்மீது எவ்வித நடவடிக்கையும் வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அதற்கு உடன்பட்டேன். 18.11.2023 அன்று அந்தப் பந்தைப் பிடித்தவன் நான் அல்லன் என்று ஒரு மனு தட்டச்சு செய்து, கையொப்பமும் இட்டு, மேசைமேல் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. தாயார் அழைத்தார். ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டு, வழக்கம்போல், "சரி, அந்தப் பந்து கதைய சொல்லு" என்றார். நான் மனுவைக் கவிழ்த்து வைத்தேன். "என்னப்பா, மறந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு சேற்றிலிருந்து தொடங்கி முழுவதும் சொன்னேன். முடித்ததும், மேசைமேல் இருக்கும் மனுவைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்போ அன்னிக்கு கிச்சன்ல நான் யாரு பேரச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். அந்த மனுவை அன்றே கிழித்துவிட்டேன்.

11. ஆகவே குழுவின் முன் உறுதியாகக் கூறுகிறேன்: அந்தப் பந்தைப் பிடித்தவன் நானே. கேலன் ஃபிரிச்சும் இதை ஒப்புக்கொண்டு கடிதம் தந்துள்ளார். அதில் ஒரு பகுதி: "எறிஞ்சது எம்மெட்டுக்குத்தான். அவன் அங்க தனியா நின்னான். நாலு வருஷமா தனியாத்தான் நின்னுருக்கான், பழைய வீடியோ எல்லாத்தையும் இப்போதான் உக்காந்து பாத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அன்னிக்கும் துரத்தினதாலதான் திரும்பினேன்." இதைத் தந்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

12. நான் கோருவது இது. ஐந்தாம் ஆட்டத்தில் நான் களத்தில் இருந்த நேரம் ஆறு விநாடி. விதி 14, உட்பிரிவு 3இன்படி, தனிச் சூழலைக் கருதி ஒரு பருவத்தைத் திருப்பியளிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதன்கீழ் எனக்கு 2025ஆம் ஆண்டு ஆட அனுமதி வழங்க வேண்டுகிறேன். புகழோ உதவித்தொகையோ எதிர்பார்க்கவில்லை. வெற்றிப் புள்ளி எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓடியபடியே தலையைத் திருப்பும்போது இன்னும் ஒரு முறை பந்து காற்றில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் விளக்குக் கம்பத்தின் அருகே என் தாயார் இருக்க வேண்டும். என் ஆசை இவ்வளவே.

13. எனினும், அந்த ஆட்டத்தையும் அதிலுள்ள பிடிப்பையும் பதிவிலிருந்து நீக்கினால்தான் பருவம் வழங்க இயலும் என்று குழு கருதுமானால், நீக்க வேண்டாம். அந்நிலையில் இம்மனுவைத் தள்ளுபடி செய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பந்து என் பெயரிலேயே இருக்கட்டும்.

14. முடிவு எதுவாயினும் மே மாத இறுதிக்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். பிளம் க்ராசிங் பேருந்துப் பணிமனையில், இலையுதிர்காலச் சனிக்கிழமை வேலைக்கு ஓட்டுநர்கள் சூன் முதல் தேதிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். என் தாயார் இன்னும் கொடுக்கவில்லை.

தங்கள் பரிசீலனையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) எம்மெட் ஸ்வோபோடா

இடம்: ஹால்பர்ட்
நாள்: 14.4.2025

இணைப்பு: மருத்துவச் சான்று, கேலன் ஃபிரிச்சின் கடிதம், பயிற்சியாளர் திரு. டீட்ஸின் பரிந்துரை.