தறிக்கூடத்துப் பின்கதவு

சங்கரன்கோவில்

அன்புள்ள அம்மாவுக்குக் கனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

பள்ளி விட்டதும் மாமாவின் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறேன் அல்லவா, அங்கே போன வாரம் மோட்டார் வயர் கருகி, பஞ்சுத் தூசியில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. நூல் திருடு போகாமலிருக்கப் பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போது பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். மணல் வாளிகளும் வந்துவிட்டன.

நேற்று ஒத்திகை. மாமா இரும்புத் துண்டில் அடித்ததும் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். மாரித்தாய் அக்கா மட்டும் தறியை விட்டு நகரவில்லை.

"இழை அறுந்துட்டு அண்ணாச்சி, முடிஞ்சிட்டு வாரேன்."

"ஏட்டி, நீ முடிச்சுப் போடுத வரைக்கும் தீ வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமா?"

மறுபடி அடித்தபோது அவள்தான் முதலில் ஓடினாள். தாழ்ப்பாளைத் திறப்பது என் பொறுப்பு. அவள் வந்து சேருமுன் திறந்துவிட்டேன்.

படுத்தால் இன்னும் புகை வாசம் வருகிறது. என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். தீயைப் பற்றி உங்களுக்கு எழுதக் கூடாது என்றாள் அத்தை. பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லி அய்யாவுக்குத் தெரிந்தால் படிப்பு போதும் என்பாரே, அதனால்தான் நீங்களே அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று முந்திக்கொண்டு ஒளித்து எழுதுகிறேன். அத்தை புரண்டு படுக்கிறாள், விளக்கை அணைக்க வேண்டும்.

அம்மா, பார்க்க வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வராதீர்கள்.

உங்கள் மகள்,
சண்முகக்கனி