ஃபுல் ஃபிரேம் வாங்கிய வருஷம்

2025 ஜனவரி 20, திங்கள். திண்டிவனம்

கேமராவை மாற்றியே தீர வேண்டும். பதினோரு வருஷம் உழைத்த மெஷின், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நேற்று விழுப்புரம் மண்டபத்தில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் மசமசவென்று கிடக்கிறது. பெண்ணின் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுத் தோட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. மண்டபத்துத் தூண் வேறு நடுவில் நெளிகிறது. லென்ஸும் போய்விட்டது போல.

பிரபாவிடம் சொன்னேன். என் மனைவி. ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை முழுக்க அவள்தான். திரையைப் பார்த்தபடியே, "மொதல்ல கண்ணைக் காட்டிக்கினு வாங்க. சுகர் மாத்திரைய நெனச்சா போடுறீங்க, நெனச்சா வுடுறீங்க" என்றாள்.

கேமராவைப் பற்றிப் பேசினால் கண்ணைப் பற்றிப் பேசுகிறாள்! கத்திவிட்டேன். இருபது வருஷமாகப் படம் எடுப்பவனுக்கு எது கோளாறு என்று தெரியாதா?

ஜனவரி 23

முடிவு செய்துவிட்டேன். ஃபுல் ஃபிரேம்தான். பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் இருக்கும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. இரண்டு மெமரி கார்டு போடும் வசதி கட்டாயம் வேண்டும். ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் கல்யாணம் இருக்கும். எடை? நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப் போவது. சோனியா, நிக்கானா, கேனானா என்று யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தலை கிறுகிறுக்கிறது.

ஜனவரி 28

விழுப்புரம் போனேன். தென்னரசு அங்கே கேமரா வாடகைக்கு விடுகிறான், விற்கவும் செய்கிறான். எங்கள் ஊர்ப் பக்கம் எவனும் கடையில் பார்த்துக் கேமரா வாங்குவதில்லை. வாடகைக்கு எடுத்து ஒரு கல்யாணத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம்.

"ராஜ்ண்ணே, இதுல நீ ஃபோகஸே பண்ண வாணாம். ஆளோட கண்ணு எங்கக்குதோ அதுவே போயி புடிச்சிக்கும். நீ சும்மா அமுக்கிக்கினே இரு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோலியனூர் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 1

வாடகைக் கேமரா வந்துவிட்டது. கையில் எடுத்ததும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பக்கத்தில் அவரவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ளச் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். கடைசிவரை திருப்பியும் தெளியவில்லை. வாடகை மெஷின், நாலு பேர் கை பட்டது, லூசாகியிருக்கும்.

பிப்ரவரி 3

கோலியனூர் கல்யாணம் போச்சு.

தாலி கட்டும் படம் இல்லை. ஒன்றுகூட இல்லை. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். அதைத் தவறவிட்டால் அடுத்த இரண்டு முடிச்சு நாத்தனார் போடுவாள், அதில் பிடித்து ஒப்பேற்றிவிடலாம். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நேற்று மூன்று முடிச்சும் போச்சு. கேமரா கண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னால் அட்சதையோடு நின்ற எவனோ ஒருவன் கண்ணை. எந்த முகத்தில் ஃபோகஸ் கட்டம் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மூக்கு முடிகூட எண்ணலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் வெறும் புகை.

பழைய கேமராவாக இருந்தால் இவ்வளவு புகையாகியிருக்காது. ஃபுல் ஃபிரேமில் தப்பு பெரிதாகத் தெரியும். இது எனக்கு முன்பே தெரியும். ஏன் யோசிக்கவில்லை?

பிப்ரவரி 7

பெண்ணின் அம்மா அஞ்சம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். களை எடுத்துப் பெண்ணை வளர்த்த கை, ஆல்பத்தை மெதுவாகத் திருப்பியது. கடைசிவரை திருப்பிவிட்டு, "தாலி கட்டுன போட்டோ எங்கப்பா?" என்றார்.

நான் என்ன சொன்னேன்? எழுதவே கூசுகிறது. "பொண்ணு மாப்பிள்ளைய இட்டுனு வாங்கம்மா. தாலிய ஒரு நிமிஷம் கயட்டிட்டு, கட்டற மாதிரி வெச்சி எடுத்துடலாம்" என்றேன்.

அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "ஏறுன தாலிய எறக்கச் சொல்றியே, உன் வாய கழுவுயா. நீயும் பொண்டாட்டியோட வாழறவன்தான?" ஆல்பத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 8

கேமராவைத் திருப்பிக் கொடுக்க விழுப்புரம் போனேன். தென்னரசுவிடம் சண்டைக்கே போனேன், உன் மெஷின் ஓட்டை என்று. அவன் கோபப்படவில்லை. வேறு கம்பெனி கேமரா இரண்டை எடுத்து வைத்தான். "பாருண்ணே, எது வோணுமோ எத்துக்கோ."

எதிரே கடை ஷட்டரின் கம்பியைப் பார்த்தேன். முதல் கேமராவில் நடுவில் நெளிந்தது. இரண்டாவதிலும் நெளிந்தது. மூன்றாவதிலும் அதே இடத்தில் அதே நெளிவு.

மூணு கம்பெனிக்காரனும் சொல்லி வெச்சிக்கினு ஒரே தப்பைப் பண்ணுவானா?

கேமராவைக் கீழே வைத்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கம்பி நேராக இருந்தது. இடது கண்ணை மூடினேன். கம்பி நெளிந்தது. தென்னரசு முகத்தைப் பார்த்தேன், அவனுக்கு மூக்கே இல்லை. அந்த இடத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு திட்டு.

"இன்னாண்ணே, எது புடிச்சிது?" என்றான். யோசிச்சிச் சொல்றேன் என்று பஸ் ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 9

பிரபாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

இடது கண்ணால் ஒரு கல்யாணம் எடுத்தேன். மூக்கு கேமராவில் இடிக்கிறது, கை பழக்கத்தில் வலது கண்ணுக்கே தூக்குகிறது. மாத்தி மாத்தித் தடுமாறினேன். பயம். வேற ஒன்னும் இல்ல, பயம்.

பிப்ரவரி 19

இன்று விஷயம் உடைந்தது. இந்தப் படங்களும் சரியில்லை என்று நானே சொன்னேன். பிரபா மவுஸைக் கீழே வைத்தாள்.

"தீவாளிக்கு முன்னாலருந்தே இப்பிடித்தான். நல்லாக்கறத மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஆல்பம் போட்டுக்கினு வரேன். ஒரு கல்யாணத்துல நூறு படத்த நானே அழிச்சிக்கிறேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னனே. கண்ணக் காட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? சொல்லும்போதெல்லாம் உயுந்து கடிச்சீங்களே. நீங்க கத்துவீங்கன்னு பயந்துகினு மறைச்சேங்க. நானே மறைச்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவ மேல என்ன தப்பு? வீட்ல ஒருத்தி வாயத் தெறக்க முடியாத மாதிரி வெச்சது யாரு? நான்தான. நான்தான். நாலு மாசம்.

மார்ச் 6

பாண்டிச்சேரி, கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, மெஷினில் படம் எடுத்தார்கள். என் கண்ணின் உள்பக்கத்தை டாக்டரம்மா திரையில் காட்டினார். நல்ல தெளிவான படம். நான் அப்படி எடுத்து எவ்வளவு நாளாகிறது!

சுகரால் உள்ளே கசிந்து, வீங்கி, தழும்பாகிவிட்டதாம். வலது கண்ணின் நடுப் பார்வை இனி வராது. இடதிலும் ஆரம்பித்திருக்கிறது. ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். "நெளிஞ்சு தெரிய ஆரம்பிச்சப்பவே வந்திருக்கலாமே, என்ன செஞ்சிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. பிரபாவுக்குப் புரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 21

கண்ணில் ஊசி. வலியைவிட, ஊசி வருவது தெரிவதுதான் கொடுமை.

ஏப்ரல் 24

பிரபாவைக் கூட்டிக்கொண்டு தென்னரசு கடைக்குப் போனேன். எல்லாக் கேமராவையும் அவள் கழுத்தில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நான் நினைத்ததில் ஒன்றும் அவளுக்குச் சரிப்படவில்லை. பிடி பெரிது, பட்டனுக்கு விரல் எட்டவில்லை. நான் எப்போதும் கேலி செய்யும் குட்டி மாடல் ஒன்றை எடுத்தாள், அதுவும் ஃபுல் ஃபிரேம்தான். ஒரு கார்டுதான் போட முடியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். பிறகு அவளே, "ரெண்டு கார்டு போடறது இதே சைஸ்ல இருக்குதாண்ணா?" என்று தென்னரசுவிடம் கேட்டாள். இருந்தது. அதையே வாங்கினோம்.

ஜூன் 8, ஞாயிறு. விழுப்புரம்

என் கையெழுத்து பெரிதாக இருக்கிறது, வரி மேலேறிப் போகிறது. பரவாயில்லை.

பெரிய மண்டபம், நல்ல கூட்டம். பிரபா கேமராவோடு மேடையில் ஏறினாள். எடுக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. நான் ஸ்டாண்டில் மாட்டின பிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இந்த மண்டபத்தில் எத்தனை தடவை இதே மேடையில் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கூட்டத்தை விலக்கியிருக்கிறேன்!

கெட்டிமேளம் ஆரம்பித்ததும் பெண்ணின் மாமா என் தோளைத் தட்டினார். "யோவ் லைட்டு, ஒரு ஓரமா நில்லுயா. போட்டோ எடுக்கற அக்காவுக்கு மறைக்குது பாரு."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஓரமாகப் போனேன். வெளிச்சம் ஆடினால் படம் கெட்டுவிடும், அதனால் கையை ஆட்டாமல் நின்றேன்.