அப்பண்ணா கொடுத்த பாய்

ரங்கூன்,
1936 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம்.
என் அறையில் இந்த நேரத்தில் ஆட்கள் மூன்று, பாய் ஒன்று. பாயில் யாரும் இல்லை.

அரியூர் நாட்டுச் செங்கோடனுக்கு, உன் சிநேகிதன் காளியண்ணன் எழுதுவது. உன் வீட்டார் எல்லாரும் சுகமாக இருக்கட்டும். உன்மேல் மட்டும் எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல என் விலாசத்தைக் கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னது யார்? போன திங்கட்கிழமை சாயங்காலம் அரிசி ஆலையிலிருந்து வருகிறேன், மாடிப்படியில் சின்னுசாமியும் மாதேஸ்வரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பலாப்பழம். நம் மலையில் காயாக ஏற்றியது, கப்பலிலேயே பழுத்து, அந்த வாசனைக்கு டிராம்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டானாம். மிளகு நன்றாக விளைந்ததாம், ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டார்களாம். ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "காளியண்ணன் ஊடு இருக்கறப்ப கார்டு எதுக்குன்னு செங்கோடன்தானப்பா சொன்னான்" என்கிறான் சின்னுசாமி. வீடா இது? எட்டடிக்குப் பத்தடி. மூன்று பேர் படுத்தால் ஒருவன் காலை வாசலுக்கு வெளியே நீட்ட வேண்டும்.

மறுநாள் குழாய்ச் சண்டை. கட்டடத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே குழாய். மாதேஸ்வரன் குளித்துவிட்டுத் திறந்தபடியே வந்துவிட்டான். தொட்டி காலி. திட்ட வந்தவர்களிடம், "தண்ணி பாட்டுக்குப் போவுது, அதைப் போயி ஏனுங்க அடைக்கறீங்க?" என்று இவன் திருப்பிக் கேட்கிறான். நம் மலை ஓடையை யாரும் மூடியதில்லை, வாஸ்தவம். ரங்கூனில் மூட வேண்டும் என்று நான் இருபத்திரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று எங்களுக்காகப் பேசியவன் கீழ் அறை அப்பண்ணா ஒருவன்தான். கடலோரத் தெலுங்கன். எங்கள் ஆலையில்தான் படகிலிருந்து நெல்மூட்டை இறக்குகிறான். போன வருஷம் எனக்கு மலேரியா வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். விருந்தாளிகள் வெறுந்தரையில் படுக்கக் கூடாது என்று தன் பாயை எடுத்து வந்து அவனே விரித்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி அதே அடுப்பில் இரண்டாம் உலை வைக்கும்போது என் முகம் கடுத்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு முகம் போதும் அல்லவா?

புதன்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் என் பின்னாலேயே ஆலைக்கு வந்துவிட்டார்கள். களையெடுப்பு நாளில் விருந்துக்குப் போனால் நாமும் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரனோடு காட்டில் இறங்குகிறோமே, அந்த நினைப்பு. "நீ பாடுபட, நாங்க உக்காந்து திங்கறதா?" என்று சொல்லிக்கொண்டே மூட்டைக்கு முதுகைக் கொடுத்துவிட்டார்கள். படகிலிருந்து கிடங்குக்குச் செங்குத்தான பலகைப் பாதை. மற்றவன் பத்து நடை போவதற்குள் இவர்கள் பதினாறு நடை. மேஸ்திரி அருணாசலம் வாயைப் பிளந்தான். "ஏம்ப்பா காளியண்ணா, உங்க மலையில மனுஷன் பொறக்கறானா, மாடு பொறக்குதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடிகாரம் வைத்து அந்த நடையைக் கணக்கிட்டவன் நான்தான். எனக்கு அவ்வளவு பெருமை. தடுத்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

வியாழக்கிழமையும் போனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அருணாசலம் அப்பண்ணாவையும் அவன் தம்பியையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் வர வேண்டாம், மலைக்காரர்கள் இரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டான். எனக்கு அது தெரியாது. அன்று ராத்திரி சின்னுசாமி சிரித்த முகமாக வந்து, "இனி எங்க சோத்துக்கு நீ முகஞ்சுளிக்க வேண்டாஞ் சாமி, மேஸ்திரி எங்களை வெச்சுக்கறேன்னுட்டாரு" என்கிறான்.

நேற்று ஆலையில்தான் யாருடைய இடம் என்று தெரிந்தது. திரும்பி வந்து கத்தினேன், செங்கோடா. சேலத்தில் மூன்று வருஷம் இஞ்சின் வேலை படித்தவன், இவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்க முடியாமல் கத்தினேன். "சும்மாதானப்பா தூக்குனோம், நாங்க கேட்டமா?" என்றான் மாதேஸ்வரன். கேட்காததுதான் தப்பு என்றேன். சும்மா தூக்குகிறவன் கிடைத்தால் கூலிக்குத் தூக்குகிறவன் எங்கே போவான் என்று கேட்டேன். சின்னுசாமி தான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தான். பிறகு, "அந்தாளு பாயிலயா நாங்க படுத்திருக்கறோம்?" என்றான். இரண்டு பேரும் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். சோறு தொடவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்பண்ணா இன்னும் பாயைத் திருப்பிக் கேட்கவில்லை. விடிகாலையில் குழாயடியில் என்னைப் பார்த்தான். "மீ சுட்டாலு சாப்பிட்டாங்களா?" என்று விசாரித்தான். உன் உறவுக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று அர்த்தம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதத் திட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பது மாறிக்கொண்டே போகிறது. அதனால் இத்தோடு நிறுத்திவிட்டு, செய்யப்போவதை வரிசையாக எழுதுகிறேன்:

1. இந்தக் கடிதத்தை ஒட்டியதும் மூவரும் கீழே போவோம். அப்பண்ணாவிடம் நான் பேசுவேன். அவர்கள் சும்மா நின்றால் போதும்.

2. பாயை அலசிக் காயவைத்துக் கொடுப்பேன். இந்த மழையில் காய இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.

3. நாளைக் காலை ஐந்தரைக்கு அருணாசலத்திடம் சின்னுசாமியும் மாதேஸ்வரனும் தங்களுக்கு வேலை வேண்டாம் என்பார்கள். அப்பண்ணாவும் தம்பியும் உள்ளே வரும்வரை நான் கொதிகலனுக்கு நெருப்பு வைக்க மாட்டேன். நெருப்பு இல்லாமல் ஆலை ஓடாது. இன்னொரு இஞ்சின் பிட்டர் லீவில் இருக்கிறான். இந்த வாரம் என்னை விட்டால் ஆள் இல்லை. அடுத்த வாரம் ஆள் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும்.

4. வியாழக்கிழமைக் கப்பலில் இவர்களை ஏற்றிவிடுவேன். அதுவரை டிராமில் ஊர் சுற்றிக் காட்டுவேன். மூன்று வேளையும் சோறு போடுவேன், முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு.

5. என் வேலை போனால், வியாழக்கிழமைக் கப்பலில் ஏறுவது மூன்று பேர். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நிற்கிறவன் நான் இல்லை, அதனால் இப்போதே சொல்கிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. என் களைக்கொத்துக்கு மட்டும் புதுப் பிடி போட்டு வை.

காளியண்ணன்