உன் கட்சிக்காகப் பேசினேன்

சின்ன காஞ்சிபுரத்துக் கடையில் இன்று யாருக்கோ கிராம்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் உன் நினைப்பும் வந்துவிட்டது. பட்டிமன்ற மேடை ஏறுவதற்கு முன் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, எதிரணியில் இருக்கும் எனக்கும் ஒன்று நீட்டுவாயே.

கல்லூரியில் எந்தத் தலைப்பானாலும் நீ நம்பாத பக்கத்தைத்தான் கேட்டு வாங்குவாய். சினிமாப் பைத்தியமான நீ, சினிமா நம்மைக் கெடுக்கிறது என்று முழங்கிப் பரிசு வாங்கிவிட்டு, அன்று மாலையே என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போனாய். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்த யார் வேணா பேசலாம்டி. அடுத்தவங்க பக்கத்த பேசினாதான் அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியும்" என்றாய்.

போன வருஷம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், இன்னொரு முறை மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் உன் அண்ணன். போதும், பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போகிறேன் என்றாய் நீ. அவர் காதில் வாங்கவில்லை. நானும் அவர் பக்கம்தான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையைப் பிடித்து, எனக்காக அண்ணனிடம் பேசு என்றாய். எனக்கே அதில் சம்மதமில்லையே என்றேன்.

"அதனாலதான் உன்ன கேக்கறேன். அண்ணன் இன்னா சொல்லும்னு உனக்குத்தான் தெரியும்."

வராந்தாவில் அவரோடு உட்கார்ந்து பேசினேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் சொல்லியிருக்கக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் உன் பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றிய பிறகும் நீ பட்ட பாட்டைச் சொன்னபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்ததும், "வண்டிக்குச் சொல்லும்மா" என்றார்.

வீட்டில் நீ இருந்தது சில வாரங்கள்தான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினாய். ரசம் கேட்டுச் சாப்பிட்டாய். டிவியில் எந்தப் படம் பார்ப்பது என்று அண்ணனோடு சண்டை போட்டாய்.

இன்னும் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருக்கலாமோ என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. உன் அண்ணனும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அதையேதான் கேட்கிறார். அவருக்கு உன் கட்சியை மறுபடியும் எடுத்துச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல, அது மெல்ல என் கட்சியாகவும் ஆகிக்கொண்டு வருகிறது.