அலமாரி மேல் என் கால்

பிப்ரவரி 12, புதன்

தோட்டத்து லயம் முழுக்க, எல்லா வீட்டிலும் இதே பேச்சு. வேலை செய்ய முடியாத ஊனமுற்றோருக்கு உதவித்தொகை கூடுகிறதாம். ஏற்கெனவே வாங்குபவர்களை அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். செம்பனைப் பழம் ஏற்றும் லாரி மோதி என் இடது கால் போனதிலிருந்து அந்தப் பணத்தில்தான் எங்கள் வீடு பாதி ஓடுகிறது.

எல்லாம் நேரம் பார்த்துத்தான் வருகிறது. சுங்கை காடுட் தொழிற்சாலையில் எனக்கு வேலை தருவதாக நேற்றுத்தான் சொன்னார்கள். உட்கார்ந்து பெட்டி ஒட்டும் வேலை; செயற்கைக் காலோடு போய்வந்துவிடலாம்.

பிப்ரவரி 15

தேவனிடம் சொன்னேன். என் புருஷன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் தப்பு.

"கூட்டித் தர்றப்பவா வேலைக்குப் போறே மாதவி? ஆபீசர் வரப்ப காலக் கழட்டிட்டுப் படுத்துக்க லா. முடியாதுன்னு எழுதிட்டுப் போகட்டும்."

படுக்க மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 16

வேலை நிலைக்காவிட்டால்? இரண்டும் போய்விடுமே. சரி, ஒரு நாள்தானே — படுக்கிறேன்.

மார்ச் 4

படுத்தேன். செயற்கைக் காலைத் தேவன் அலமாரி மேல் ஏற்றிவைத்தார். அதிகாரி சின்ன வயது மலாய்ப் பெண். கேள்வியெல்லாம் என்னிடம், பதிலெல்லாம் இவரிடமிருந்து. நடப்பாரா? முடியாது. சமையல்? நான்தான் செய்கிறேன் என்றார். இந்த மனுஷன் ஒரு நாள் சுடுதண்ணீர் வைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

உடம்பெல்லாம் எரிந்தது. "என் கால எடுங்க" என்றேன். காதில் விழாத மாதிரி நின்றார். அதையே மலாயில் சொன்னேன். அந்தப் பெண் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். வேறு வழியில்லாமல் தேவன் எடுத்துக் கொடுத்தார்.

காலை மாட்டிக்கொண்டு போய் மூன்று பேருக்கும் தேநீர் கலக்கினேன். வேலைக்குப் போகப்போகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். வேலை செய்கிற ஊனமுற்றோருக்கும் ஒரு தொகை உண்டு, இதைவிடக் குறைவு, புதிதாக மனுப் போடுங்கள் என்றாள்.

மார்ச் 5

தேவன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார். நான் அடுப்படியிலேயே சாப்பிட்டேன்.

மார்ச் 20

பழைய உதவி நின்றுவிட்டது. புதியது வர மாதக்கணக்கில் ஆகுமாம். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் திங்கட்கிழமை போகிறேன். தொழிற்சாலையில் கால் மூடிய சப்பாத்து கட்டாயமாம். என்னிடம் இருப்பது சிலிப்பர்தான் என்று இவர் காதுபடச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

விடியற்காலை எழுந்தால் கட்டிலோரம் கால் இல்லை. அலமாரி மேலும் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போய்ப் பார்த்தால், தேவன் வாசலில் உட்கார்ந்திருந்தார். காலை மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சப்பாத்துக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"வளையவே மாட்டேங்குது லா" என்றார், என்னைப் பார்க்காமல்.

உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.