ஹேண்டில் பாரின் ஒரு பாதி

சாலை கடைவீதி, திருவனந்தபுரம்
18.2.2025

அன்புள்ள தங்கச்சி செல்வமணிக்கு,

பிச்சைக்கனி அண்ணாச்சி எழுதுகிறேன். அடக்கத்தன்று உன்னோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் போன் எடுக்காது என்பதால் இதைப் பொன்முடி பஸ் கண்டக்டர் ஷிபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உன் தம்பி பிரவின்ராஜ் மண் பாதை பைக் பந்தயத்தில் மூன்று வருடமாகச் சாம்பியன். பந்தயத் திடலில் அந்த மேட்டை நூறு தடவை தாண்டியவன். அன்றைக்கு மட்டும் எப்படி விழுந்தான்? தலைக்கனம், கண்மண் தெரியாத வேகம் என்கிறார்கள் பைக் கிளப்காரர்கள். எனக்கு ஒப்பவில்லை. பந்தய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இறங்கும்போது முன்சக்கரம் நேராகத்தான் இருக்கிறது. அவன் இடது கை மட்டும் பொசுக்கென்று கீழே போகிறது. ஏன்?

பைக் உங்கள் லயத்துக்குப் பின்னால் கிடக்கிறதாமே. ஹேண்டில் பார் உடைந்திருந்தால், உடைந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார். முழுதும் வெள்ளையாக மின்னினால் விழுந்தபோது உடைந்தது. பழுப்பேறியிருந்தால் முன்பே கீறல் விட்டிருக்கிறது. அந்தப் பார் என் பைக் சாமான் கடைச் சரக்கு. அதோடு வந்ததில் இன்னும் பதினொன்று கடையில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பிச்சைக்கனி அண்ணாச்சி

பொன்முடி
24.2.2025

அண்ணாச்சிக்கு,

செல்வமணி எழுதுவது. சாப்பிடுகிறேன். இலை பறிக்கவும் போகத் தொடங்கிவிட்டேன்.

வருகிறவர்கள் எல்லாரும் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் இரும்பைப் பற்றிக் கேட்டீர்கள். கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் ஆயிற்று. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். பார் நடுவில், போல்ட் பிடிக்கும் இடத்துக்கு இடப்பக்கம் உடைந்திருக்கிறது. முக்கால்வாசி பழுப்பு, நகக்கண் அளவுதான் வெள்ளை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி உடைந்தால் நாங்களும் இப்படித்தான் பார்ப்போம். இடது துண்டை ஷிபுவிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, சிக்னல் கிடைக்கும் செக்போஸ்ட் வரை நடந்துபோய் உங்களுக்குப் போன் பண்ணினான். திரும்பி வந்தவனிடம், "அண்ணாச்சி என்னடே சொன்னாரு?" என்று கேட்டேன். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்றான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

செல்வமணி

சாலை
3.3.2025

தங்கச்சி,

துண்டு வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ எழுதியது சரி.

போன் விஷயத்தை நான் மறக்கவில்லை. எழுதாமல் விட்டேன். "அண்ணாச்சி, மேட்டுலேருந்து எறங்கும்போது பாரு லேசா முனங்குது கேட்டியளா" என்றான். நான், "நாலு மாசப் பாருக்கு என்னடே ஆவும்? போல்ட்ட முறுக்கிட்டு ஓட்டு. திங்கக்கிழமை வா, பாக்கலாம்" என்றேன். கடையில் கூட்டம். கையில் எடுத்துப் பார்க்காமல் எந்தச் சாமானுக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன்.

பதினொன்றையும் ரம்பம் வைத்து அறுத்துவிட்டேன். முன்பே வாங்கிப்போன ஆறு பேரையும் கூப்பிட்டுக் கழற்றிப் பார்த்ததில் இரண்டில் கீறல் இருந்தது. கடை வாசலில் அவன் படத்தோடு 'சாம்பியன் வாங்கும் கடை' என்று வைத்திருந்த போர்டை நாளை இறக்குகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, போலீஸானாலும் சரி. நான் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பிச்சைக்கனி

பொன்முடி
10.3.2025

பிச்சைக்கனி அவர்களுக்கு,

போர்டை இறக்க வேண்டாம். இறக்கியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். அவன் படத்துக்குக் கீழே அந்தத் துண்டை, பழுப்பு வெளியே தெரிகிற மாதிரி, கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சாமான் வாங்க வரும் கிளப்காரர்கள், "இதெந்தா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவன் போன் பண்ணியதையும், நீங்கள் சொன்ன பதிலையும். என் தம்பி தலைக்கனத்தில் விழவில்லை என்று அவர்கள் உங்கள் வாயால் கேட்கட்டும்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. மற்ற பாதி என்னிடம் இருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம். துண்டு தொங்குகிறதா என்று ஷிபுவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

செல்வமணி