பெயருக்கு முன்னால் போன வண்டி

மச்சான்,

மைக்கின் வாய்க்குள் இன்னும் உன் வெற்றிலை வாசம் இருக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவித்தல் எழுதி, நானே வாசிக்கவும் வேண்டுமென்று உன் சம்சாரம் மைக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நடந்ததை எல்லாம் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் என்னைத்தான் எழுதச் சொல்கிறாள். காலையிலிருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடமும் சொல்லாமல் எழுத வராது.

நான் எழுதுவேன், நீ ஒரு கையில் ஹாண்டிலும் ஒரு கையில் மைக்குமாக முச்சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டே வாசிப்பாய். நான் எழுதியபடி என்றைக்காவது வாசித்திருக்கிறாயா? தெரணியகலைப் பக்கம் நமக்குத் தெரியாத தோட்டம் இல்லை. திருவிழாவோ சாவோ, ஆளில்லாத ரப்பர் காட்டு ஏற்றத்தில் வசனத்தை இழுத்துக்கொண்டே போவாய். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் குரல் கேட்டுக் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வரும்வரை அது முடியாது. லயம் வந்ததும் வெட்டுவாய். "இன்னைக்குச் சாயந்தரம். நம்ம கோயில்ல. எல்லாரும் வாங்க." நான் கோபித்துக்கொண்டால் சிரிப்பாய். "லயத்துக்கிட்ட வண்டி நிக்காது மச்சான். அதுக்குள்ள சொல்லி முடிக்கணும்."

பெருமை பிடித்தவன் நீ. "என் தொண்ட இல்லாட்டி உன் எழுத்த யாருடா கேப்பா?" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியில் சிரித்துக்கொள்வேன்.

நீ போன அன்று உன் அறிவித்தலை நானே எழுதி, நானே வாசித்தேன். பக்கத்து லயத்து டிரைவர் வண்டியை ஓட்டினான். உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பலாமா என்று வீட்டில் கேட்டேன். உங்கள் இருவருக்கும் பேச்சு நின்று எத்தனையோ வருஷம். உன் மூத்த மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மைக்ல சொல்றோம்ல மாமா. மனசிருந்தா வரட்டும். அவரு பேர அதுல போடாதீங்க." போன் வைத்துக்கொள்ளாத மனிதர், கீழ் டிவிசனில் தன்னந்தனியாக ரப்பர் பால் வெட்டுகிறவர். அவருக்கு உன் சாவைச் சொல்ல என் வாயை விட்டால் வேறு வழி இல்லை. அது எனக்குத் தெரியும்.

தெரிந்தும் என்ன எழுதினேன் தெரியுமா? மலைகளெல்லாம் எதிரொலித்த வெண்கலக் குரலுக்குச் சொந்தக்காரரும், இன்ப துன்பங்களில் எல்லாம் முன்னின்று உழைத்தவரும், பழகுவதற்கு இனியவரும், ஏழைகளின் தோழரும் என்று ஒரே வசனம் போய்க்கொண்டே இருந்தது. உன் பெயர் கடைசியில். இனி வெட்ட நீ இல்லை என்ற தைரியம்தான், வேறென்ன. அடக்கம் பின்னேரம் என்பதால் டிரைவர் அவசரப்பட்டான். கடைச் சந்தியில் சிங்களக் கடை முதலாளி ஓடி வந்து, "கவுத மெருணே?" என்று கேட்டார். யார் செத்தது என்று சிங்களத்தில் கேட்கிறாரே, தமிழ் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிற மனிதர் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் அண்ணன் வரவில்லை. "தம்பி செத்ததுக்குக்கூட வராத மனுசன்" என்று அடக்கம் முடிந்து வந்தவர்கள் பேசினார்கள். நானும் தலையாட்டினேன் மச்சான்.

மறுநாள் காலையில் உன் குழிமேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். ராத்திரிதான் யாரோ சொன்னார்களாம். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு தம்பி. யாரோ பெரிய மனுசன் போயிட்டாருன்னு தலத்துண்ட எடுத்துட்டு நின்னேன். வண்டி அந்தப் பக்கம் போனதும் அடுத்த மரத்துக்குப் போயிட்டேன்."

எழுதியதும் நான்தான், வாசித்ததும் நான்தான் என்று சொன்னேன்.

"என்னதான் எழுதியிருந்த? எனக்கு ஒருக்கா சொல்லு."

மனப்பாடமாக இருந்ததால் ஆரம்பித்தேன். வெண்கலக் குரல், இன்ப துன்பம், இனியவர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒரு கையைக் காதோரம் வைத்து, என் பக்கம் குனிந்து, உன் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"உங்க தம்பி செத்துட்டான்ணே."

அப்போதுதான் அவர் மண்ணில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அவரைக் கையைப் பிடித்து உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொன்னதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த மனிதர் காதோரம் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்து நிற்கிறார்.